டாக்ஸேஷன்ல பிஜி, நடுவுல ஆபீஸ் வேலை: கடலூர், பாண்டிச்சேரி பக்கம் சேரப் போறவங்க கேட்க வேண்டியது என்ன

பி.காம் முடிச்சுட்டு அடுத்து என்னன்னு நிக்கறவங்க இப்ப அடிக்கடி கேக்கறது இதுதான். டாக்ஸேஷன்ல பிஜி பண்ணலாமா, அதுவும் படிக்கும்போதே ஆபீஸ்ல உக்கார வெச்சு வேலை கத்துக்குடுக்கற கோர்ஸா பாத்து சேரலாமா, சேர்ந்தா ஆடிட்டர் ஆயிடலாமா. கேள்வி இப்ப ஏன் இவ்வளவு வருதுன்னா வரிச் சட்டம் ரெண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணு மாறிடுச்சு. 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி ரேட் எல்லாம் சுருங்கி பெரும்பாலான சரக்கு 5, 18-ன்னு வந்து நின்னுச்சு, 2026 ஏப்ரல் 1-ல இருந்து 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தோட இடத்துக்கு 2025-ம் வருஷ சட்டம் வந்துச்சு, புதுசா படிச்சவங்களுக்கு இனிமே கிராக்கிதான்னு ஒரு பேச்சு பரவ ஆரம்பிச்சுடுச்சு. பேச்சுல பாதி சரி. மீதிப் பாதியில மூணு விஷயத்தைப் போட்டு குழப்பிக்கறாங்க: டிகிரி தர்ற தகுதி, சட்டம் தர்ற கையெழுத்து உரிமை, ஆபீஸ்ல உக்காந்து வர்ற கைப்பழக்கம். ஒண்ணு இருந்தா மத்த ரெண்டும் தானா வந்துடாது.

பிளேஸ்மென்ட்னா எந்த பிளேஸ்மென்ட்?

நம்ம ஊர்ல பிளேஸ்மென்ட்னா கேம்பஸ் இன்டர்வியூல வேலை கிடைக்கறது. கோர்ஸ் நோட்டீஸ்ல வொர்க் பிளேஸ்மென்ட்னு போட்டிருந்தா அது வேற. படிப்போட ஒரு பகுதியா சில வாரமோ சில மாசமோ ஒரு ஆபீஸ்ல போய் வேலை செய்யணும், அதுக்கு மார்க்கோ கிரெடிட்டோ உண்டு, முடிஞ்சதும் அந்த ஆபீஸ் உங்களை வேலைக்கு வெச்சுக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் கிடையாது. அட்மிஷன் டேபிள்ல உக்காந்திருக்கறவரு "பிளேஸ்மென்ட் உண்டு சார்"னு சொல்றப்ப எதைச் சொல்றாருன்னு அங்கயே கேட்டு தெளிவாக்கிக்கணும், ஏன்னா பல அப்பா அம்மா இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஃபீஸ் கட்டறாங்க.

ஆபீஸ்ல உக்கார்றதுலயும் நாலு வகை இருக்கு.

1. லீவு இன்டர்ன்ஷிப். நாலு வாரம், ஆறு வாரம். கடைசியில ஒரு ரிப்போர்ட், ஒரு சர்டிபிகேட். ரிப்போர்ட்டைப் போன வருஷ பசங்ககிட்ட இருந்து வாங்கி பேர் மாத்தறதும் நடக்குது, அதைப் பத்தி இங்க வேண்டாம்.

2. ஒரு முழு செமஸ்டர் ஆபீஸ்ல. வெளிநாட்டுல இதைத்தான் கோ-ஆப்னு சொல்றாங்க. ஒரு டெர்ம் கிளாஸ், ஒரு டெர்ம் வேலை.

3. அப்ரண்டிஸ்ஷிப். இது 1961-ம் வருஷ அப்ரண்டிஸ் சட்டத்துக்குள்ள வர்றது, ஒப்பந்தம் போடணும், ஸ்டைபண்ட் குடுத்தே ஆகணும். இன்ஜினியரிங் பசங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சுட்டு இருக்காங்க, ஆர்ட்ஸ், காமர்ஸ் டிகிரிக்காரங்களும் வரலாம். ஆனா 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துக்குத்தான் கட்டாயம், 4 பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் விருப்பப்பட்டா எடுத்துக்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர், ஒரு டைப்பிஸ்ட், ஒரு பையன்னு இருக்கற ஆபீஸ் இந்தக் கணக்குலயே வராது.

4. ஆர்ட்டிகிள்ஷிப். சிஏ ஆகறதுக்காக ஒரு ஆடிட்டர்கிட்ட எடுக்கற பயிற்சி. இது சிஏ இன்ஸ்டிட்யூட்டோடது, எந்த யூனிவர்சிட்டியும் தர முடியாது. முன்னாடி 3 வருஷம் இருந்துச்சு, 2023 ஜூலை 1-ல இருந்து வந்த புது திட்டத்துல 2 வருஷம், அதுவும் இன்டர்மீடியட் ரெண்டு குரூப்பும் முடிச்சப்புறம்தான் ஆரம்பிக்க முடியும்.

பிஜி கோர்ஸ்ல வர்றது முதல் ரெண்டு வகை, சில இடத்துல மூணாவது. நாலாவதோட அதைச் சேர்த்துப் பேசறவங்க தெரியாம பேசறாங்க, இல்லன்னா தெரிஞ்சே பேசறாங்க. ஒரு பிஜி கோர்ஸ்ல நீங்க ரெண்டு வருஷமும் ஆடிட்டர் ஆபீஸ்லயே கிடந்தாலும் அது ஆர்ட்டிகிள்ஷிப் கணக்குல ஏறாது.

கையெழுத்து யாரோடது

வரி வேலையில சட்டம் யாருக்கு எந்தக் கதவைத் திறந்து விட்டிருக்குன்னு பாத்தாதான் டிகிரியோட விலை புரியும்.

1. ஜிஎஸ்டி பிராக்டிஷனர். ஜிஎஸ்டி விதி 83 சொல்ற படிப்பு: வணிகவியல், சட்டம், உயர் தணிக்கை சேர்ந்த வங்கியியல், இல்ல வணிக நிர்வாகம், இதுல ஏதாவது ஒண்ணுல இந்திய யூனிவர்சிட்டி டிகிரி, யுஜியோ பிஜியோ எதுவா இருந்தாலும் சரி. போர்ட்டல்ல பிசிடி-01 ஃபார்ம் போட்டு பதிவு பண்ணணும், அப்புறம் நாசின்ங்கற மத்திய அரசு வரிப் பயிற்சி நிறுவனம் நடத்தற பரீட்சையில 50 சதவீதம் எடுக்கணும். அதுக்கப்புறம் க்ளையன்ட் அனுமதி குடுத்தா அவருக்காக ரிட்டர்ன் போடலாம், ரீஃபண்ட் விண்ணப்பம் போடலாம். இதைக் கவனிச்சுப் படிச்சா ஒண்ணு புரியும், சாதா பி.காம் முடிச்சவங்களுக்கே இந்தக் கதவு திறந்துதான் இருக்கு, டாக்ஸேஷன் பிஜி இதுல புதுசா எதையும் சேர்க்கலை.

2. வருமான வரி ஆபீஸ்ல ஒருத்தர் சார்பா ஆஜராகறது. இதுக்கும் வணிகவியல் டிகிரி, சட்ட டிகிரி எல்லாம் தகுதியாவே இருந்து வந்திருக்கு. பழைய சட்டத்துல 288-வது பிரிவு. வக்கீல், சிஏ மட்டும்தான் போகலாம்னு இல்ல.

3. டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட். இதுல சிஏ மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். வியாபாரம் 1 கோடியைத் தாண்டினா, ரொக்கப் புழக்கம் 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 10 கோடியைத் தாண்டினா, இந்த ஆடிட் வந்துடும். எம்.காம்ல கோல்டு மெடல் வாங்கினாலும் இந்தக் கதவு திறக்காது.

4. கோர்ட்டு. ஹைகோர்ட் வரைக்கும் கேஸ் போனா வக்கீல்தான். அந்தப் பக்கம் ஆசை இருக்கறவங்களுக்கு எல்.எல்.பி, அதுக்கு மேல வரிச் சட்டத்துல எல்.எல்.எம்.

ஒரு தப்பு இங்க நிறைய பேர் பண்றாங்க. பி.எஸ்சி மேத்ஸ் முடிச்ச ஒருத்தர் டாக்ஸேஷன்ல பிஜி டிப்ளமோ பண்ணிட்டா ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஆயிடலாம்னு நினைச்சு சேர்றாரு. விதியில இருக்கற வார்த்தை டிகிரி, டிப்ளமோ கிடையாது. அதே ஆளு எம்பிஏ முடிச்சா உள்ள வந்துடுவாரு. ஒரே ஒரு வார்த்தைதான், ஆனா ஒரு வருஷமும் கட்டின காசும் அதுல போயிடும்.

இந்த உரிமை எல்லாம் கல்லுல எழுதினதும் இல்ல. ஜிஎஸ்டி வருஷ கணக்கோட போடற 9சி-ங்கற ஒப்பீட்டு அறிக்கைக்கு முன்னாடி சிஏவோ காஸ்ட் அக்கவுண்டன்ட்டோ சர்டிபை பண்ணணும், 2020-21 கணக்குல இருந்து வியாபாரியே தன் பொறுப்புல சர்டிபை பண்ணிக்கலாம்னு மாத்திட்டாங்க. ஒரே திருத்தம், பல ஆபீஸ்ல ஒரு சீசன் வருமானம் அடி வாங்கிச்சு.

அப்ப பிஜி எதுக்குன்னு கேட்டா, என் கணிப்புல கையெழுத்துக்காக இல்ல, அந்தக் கையெழுத்துக்கு முன்னாடி இருக்கற வேலைக்காக. நோட்டீஸைப் படிச்சு அதிகாரி எந்தப் பிரிவுல என்ன கேக்கறாருன்னு பிடிக்கறது, பதிலை வரிசையா எழுதறது, கணக்குல எந்த எண் எந்த எண்ணோட ஒட்டலைன்னு பாக்கறது. ஜிஎஸ்டி மேல்முறையீட்டு ட்ரிப்யூனல் 2017-ல இருந்து இல்லாமலே ஓடி 2025 செப்டம்பர்லதான் தொடங்கினாங்க, அத்தனை வருஷமா தேங்கின அப்பீல் எல்லாம் அங்க போகணும். எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு அதுல வேலை இருக்கு. என்ட்ரி போட மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இல்ல, பில்லைப் படிச்சு தானா என்ட்ரி போடற சாஃப்ட்வேர் வந்துடுச்சு.

33-ம் 34-ம்: இந்த எல்லையில பழகறதுல இருக்கற லாபம்

சென்னைக்குப் போனாதான் நல்ல பிளேஸ்மென்ட்னு ஒரு நினைப்பு இருக்கு. பெரிய கம்பெனி கணக்கு பாக்கணும்னா சரி. ஆனா ஜிஎஸ்டியைக் கையால பழகணும்னா கடலூர், பாண்டிச்சேரி மாதிரி இடம் கிடைக்கறது கஷ்டம், ஏன்னா இங்க டவுன் பஸ்ல ஏறி உக்காந்தா அரை மணி நேரத்துல மாநிலம் மாறிடும். எல்லையில இருக்கற முள்ளோடை தாண்டினதும் பெட்ரோல் விலை மாறுதுல்ல, கடலூர்க்காரங்க அங்க போய் டேங்க் ஃபுல் பண்ணிட்டு வர்றாங்கல்ல, அதுக்குக் காரணம் பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரலை, ஒவ்வொரு அரசும் தனித்தனியா வாட் போடுது. சாராயமும் அப்படித்தான். பாண்டிச்சேரி நேரு வீதி பக்கம் ஒரு பார் ரெஸ்டாரன்ட் பில்லை எடுத்துப் பாருங்க, சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி, பாட்டிலுக்கு வாட், ஒரே பேப்பர்ல ரெண்டு சட்டம்.

ஜிஎஸ்டி நம்பரோட முதல் ரெண்டு எண் மாநிலக் கோடு. தமிழ்நாடு 33, பாண்டிச்சேரி 34. இந்த ஒரு எண் மாறினதும் என்னென்ன மாறுது பாருங்க.

1. பதிவு வரம்பு. சரக்கு விக்கறவருக்கு தமிழ்நாட்டுல வருஷத்துக்கு 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம். பாண்டிச்சேரியில 20 லட்சம்தான். ஒரே மாதிரி மளிகைக் கடை, ஒண்ணு கடலூர்ல, ஒண்ணு பாகூர்ல, ரெண்டுக்கும் 30 லட்சம் வியாபாரம்னா கடலூர்க்காரர் சும்மா இருக்கலாம், பாகூர்க்காரர் பதிவு பண்ணியே ஆகணும். சேவைக்கு மட்டும் ரெண்டு பக்கமும் 20 லட்சம்.

2. எல்லை தாண்டி சரக்கு அனுப்பறது. அந்தக் கடலூர்க்காரர் 10 லட்சம்தான் வியாபாரம் பண்றாருன்னாலும், சரக்கைப் பாண்டிச்சேரிக்கு சப்ளை பண்ண ஆரம்பிச்சா அது வெளி மாநில சப்ளை, வரம்பு எல்லாம் பேசாம முதல் ரூபாயில இருந்தே பதிவு கட்டாயம். காம்போசிஷன்ல, அதாவது விற்பனையில ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியா கட்டற திட்டத்துல இருக்கறவரு, அப்படி அனுப்பவே கூடாது.

3. ஈ-வே பில், அதாவது சரக்கு வண்டியோட போக வேண்டிய ஆன்லைன் சீட்டு. கடலூர்ல இருந்து நெய்வேலிக்கு 1 லட்சம் வரைக்கும் வேண்டாம். அதை விடப் பக்கத்துல இருக்கற பாண்டிச்சேரிக்கு 50 ஆயிரத்தைத் தாண்டினாலே வேணும்.

4. காரைக்கால். இது கேக்கும்போதே சிரிப்பு வரும். பாண்டிச்சேரியில இருந்து காரைக்காலுக்குப் போற லாரி கடலூர், சிதம்பரம், சீர்காழின்னு தமிழ்நாட்டுக்குள்ளயே ஓடிப் போய்ச் சேருது, ஆனா ரெண்டு ஊருக்கும் கோடு 34, அதனால அது உள் மாநில சப்ளை, மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டியும் மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டியும். கடலூர்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கற பாகூருக்குப் போற டெம்போவுக்கு வெளி மாநில சப்ளைக்கான ஐஜிஎஸ்டி. புத்தகத்துல சப்ளை நடக்கற இடம்னு ஒரு பாடம் வரும், அதை மனப்பாடம் பண்ணவே வேண்டாம், இந்த ரூட்டை யோசிச்சா போதும்.

பண்ருட்டிப் பக்கம் இன்னொரு பாடம் கிடைக்குது. விவசாயிகிட்ட இருந்து ஓட்டோட முந்திரிக்கொட்டை வாங்கற வியாபாரிதான் வரியைக் கட்டணும், விக்கற விவசாயி கட்ட வேண்டாம். ரிவர்ஸ் சார்ஜ்னு பேரு. முந்திரி வியாபாரியோட கணக்கு பாக்கற ஆபீஸ்ல ஒரு சீசன் உக்காந்தவங்களுக்கு இது ஜென்மத்துக்கும் மறக்காது.

ஒரு பில்லைப் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்

கடலூர் லாரன்ஸ் ரோட்டுல ஒரு ஹார்டுவேர் கடைன்னு வெச்சுக்கோங்க. பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்துல ஒரு மொத்த வியாபாரிகிட்ட 1,00,000 ரூபாய்க்கு பிவிசி பைப் வாங்கறாரு, சரக்கு கடலூர் கடைக்கு வந்து இறங்குது. வரி 18 சதவீதம். 34-ல இருந்து 33-க்கு வர்றதால பில்லுல ஐஜிஎஸ்டி 18,000-ன்னு இருக்கணும். அங்க பில் போட்ட பையன் பழக்க தோஷத்துல சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000-ன்னு போட்டுட்டான்.

கூட்டினா அதே 18,000. ஆனா அடுத்த மாசம் 14-ம் தேதி போர்ட்டல்ல, வாங்கின பில்லை எல்லாம் பட்டியல் போடற 2பி ஸ்டேட்மென்ட் வர்றப்ப இந்த பில் கிரெடிட் (வாங்கினப்ப கட்டின வரியைக் கழிச்சுக்கறது) எடுக்க முடியாத பக்கத்துல போய் உக்காந்திருக்கும், காரணமும் அங்கயே போட்டிருக்கும், சப்ளை நடந்த இடமும் விக்கறவரோட மாநிலமும் ஒண்ணு, வாங்கறவரோட மாநிலம் வேறன்னு. பிளேஸ்மென்ட்ல வந்திருக்கற பொண்ணு அதைப் பாத்துட்டு கடைக்கு போன் போடுது.

"அண்ணே, ஒரு பைப் பில்லுக்கு கிரெடிட் வரலை. ஐஜிஎஸ்டில போட வேண்டியதை மாத்திப் போட்டுட்டாங்க."

"அட போம்மா, 18,000 கட்டியாச்சுல்ல, எதுல கட்டினா என்ன? எல்லாம் கவர்மென்ட்டுக்குத்தானே போகுது?"

எந்த கவர்மென்ட்டுக்குன்றதுதான் விஷயம். அந்த எஸ்ஜிஎஸ்டி 9,000 பாண்டிச்சேரி கஜானாவுக்குப் போயிடுச்சு, அதைக் காட்டி தமிழ்நாட்டுல கழிச்சுக்க முடியாது. ஐஜிஎஸ்டியா இருந்தா மத்திய அரசு வழியா சரக்கு வந்து சேர்ற மாநிலத்துக்குப் பங்கு வந்துடும். இப்ப என்ன பண்ணணும்னா, விக்கறவரு தன்னோட விற்பனையைக் காட்டற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன்ல அந்த பில்லைத் திருத்தணும், அதுக்கு அந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைக்கும் நேரம் இருக்கு, ஐஜிஎஸ்டியைப் புதுசாக் கட்டணும், தப்பா கட்டினதை 77-வது பிரிவுல ரீஃபண்டா கேக்கணும். வட்டி கிடையாது, அது வரைக்கும் நிம்மதி. ஆனா கையில இருந்து இன்னொரு தடவை 18,000 எடுத்து வெச்சுட்டு ரீஃபண்டுக்குக் காத்திருன்னு சொன்னா எந்த மொத்த வியாபாரிக்குத்தான் மனசு வரும், அதனால ரெண்டு கடைக்கும் நடுவுல இருக்கற பழக்கம், பாக்கி, அடுத்த ஆர்டர் எல்லாத்தையும் வெச்சுப் பேசித்தான் முடிக்கணும்.

சட்டம் பத்து நிமிஷத்துல புரிஞ்சுடும். போன்ல ரெண்டு பக்கத்தையும் கோபப்படுத்தாம திருத்த வைக்கறதுதான் கிளாஸ்ல வராதது, பிளேஸ்மென்ட்டுக்கு காசு கொடுக்கறதுல அர்த்தம் இருக்குன்னா இதுக்குத்தான்.

எந்த மாசத்துல அனுப்பறாங்கன்றது பெரிய விஷயம்

நிறைய காலேஜ்ல இன்டர்ன்ஷிப்பை மே மாசத்துல வெக்கறாங்க. லீவு, கிளாஸ் கெடாது, நிர்வாகத்துக்கு வசதி. ஆனா வரி ஆபீஸோட வருஷம் காலேஜ் வருஷம் மாதிரி ஓடறது இல்ல.

1. மாசா மாசம் ஒரு சுத்து உண்டு. 7-ம் தேதி டிடிஎஸ் (சம்பளம், கட்டணம் குடுக்கறப்பவே பிடிச்ச வரி) கட்டணும், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 14-ம் தேதி 2பி வரும், 20-ம் தேதி வரி கட்டிப் போடற 3பி ரிட்டர்ன். 5 கோடி வரைக்கும் வியாபாரம் உள்ளவங்க காலாண்டு முறையில போனா ஜிஎஸ்டிஆர்-1 13, 3பி 22. இந்தச் சுத்தை மூணு தடவையாவது முழுசா பாத்தாதான் கையில நிக்கும், நாலு வார இன்டர்ன்ஷிப்ல ஒரு தடவைதான் வரும்.

2. ஜூலை, தனிநபர் வருமான வரி ரிட்டர்ன். வாத்தியாருங்க, என்எல்சி ஊழியருங்க, பென்ஷன்காரங்க எல்லாம் சம்பள வரிச் சான்றான ஃபார்ம்-16-ஐ கையில வெச்சுட்டு வரிசையா வருவாங்க. ரிட்டர்ன் போடப் பழகறதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

3. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் செப்டம்பர் 30, அந்த ரிட்டர்ன் அக்டோபர் 31. ஆபீஸ்ல ராத்திரி 10 மணிக்கும் லைட் எரியறது இப்பதான். பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் லெட்ஜரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு வியாபாரத்தை முழுசா பாக்கறது இந்த மூணு மாசத்துலதான், வருஷத்துல வேற எப்பவும் வராது.

4. டிசம்பர் 31, ஜிஎஸ்டி வருஷ ரிட்டர்ன். வருஷம் பூரா பண்ண தப்பு மொத்தமா இங்க வந்து நிக்கும்.

மே மாசம் அனுப்பினா என்ன கிடைக்கும்? கடைசி காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் மே 31-ல இருக்கு, அதைப் பழகலாம். மத்தபடி பெரும்பாலும் டேலியில பழைய பில் ஏத்தறது, ஃபைல் அடுக்கறது, டீ வாங்கிட்டு வர்றது. அதனால கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி எத்தனை வாரம்னு கேக்கறதை விட எந்த மாசம்னு கேளுங்க. ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் ஆபீஸ்ல விடற மாதிரி மூணாவது செமஸ்டரை மாத்தி அமைச்சிருக்கற கோர்ஸ் ஒண்ணு கண்ணுல பட்டா, பேர் பெருசா இல்லாட்டியும் அதை நான் முதல்ல வெப்பேன்.

இன்னொண்ணு, சின்ன விஷயம் மாதிரி தெரியும். க்ளையன்ட்டோட போர்ட்டல் லாகின்ல உங்க மொபைல் நம்பரைக் குடுக்காதீங்க. ஓடிபி சீக்கிரம் வரும்னு சீனியர் சொல்வாரு, அப்ப வசதியாத்தான் இருக்கும், பிளேஸ்மென்ட் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் யாரோ ஒரு அரிசி மண்டிக்காரருக்கு வர்ற ஓடிபி உங்களுக்கு வந்துட்டே இருக்கும், ஏதாவது தப்பு நடந்தா கூப்பிடறதும் உங்களைத்தான்.

பழைய சட்டமா, புது சட்டமா?

ரெண்டும் வேணும், வேற வழி இல்ல. 2025-ம் வருஷ சட்டத்துல 536 பிரிவு, முந்தின வருஷம், மதிப்பீட்டு வருஷம்னு ரெண்டு பேர் வெச்சு குழப்பினதை எடுத்துட்டு வரி ஆண்டுன்னு ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்காங்க. ஆனா 2026 ஏப்ரல் 1-க்கு முன்னாடி சம்பாதிச்ச வருமானத்துக்கு 1961 சட்டம்தான், அதுக்கான ரிட்டர்ன், நோட்டீஸ், அப்பீல் எல்லாம் இன்னும் சில வருஷத்துக்குப் பழைய பிரிவு நம்பர்லயே ஓடும். சிலபஸ்ல ஒண்ணு மட்டும் இருந்தா, எதுவா இருந்தாலும், பாதிப் படிப்புதான். பிரிவு நம்பரை மனப்பாடம் பண்ண வைக்கற வாத்தியாருங்களுக்குத்தான் இது கஷ்ட காலம்.

கனடா, அமெரிக்கா பக்கம் போறவங்க

கோ-ஆப்ங்கற முறைக்குப் பேர் போன இடம் கனடாவோட வாட்டர்லூ யூனிவர்சிட்டி, 1957-ல ஆரம்பிச்சதுல இருந்தே அப்படி, அங்க டாக்ஸேஷனுக்குன்னே ஒரு மாஸ்டர்ஸ் இருக்கு. அங்க தனிநபர் ரிட்டர்னுக்கு கடைசி நாள் ஏப்ரல் 30, அதனால ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் இருக்கற டெர்ம்ல வேலைக்குப் போறவங்க சீசனோட நடுவுல போய் நிக்கறாங்க. நம்ம மே மாச இன்டர்ன்ஷிப்புக்கும் அதுக்கும் இருக்கற வித்தியாசம் இதுதான், மத்தபடி ஆபீஸ்னா எங்கயும் ஆபீஸ்தான்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, வரிச் சட்டம் ஊரோட ஒட்டினது. சாஃப்ட்வேர் படிச்சவங்க மாதிரி அங்க படிச்சதை அப்படியே இங்க வந்து ஓட்ட முடியாது, திரும்பி வர்ற எண்ணம் இருந்தா ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கற வரி ஒப்பந்தம், என்ஆர்ஐ வரி மாதிரி பாலமா இருக்கற பாடத்துல கவனம் வெக்கணும். ரெண்டு, அமெரிக்க வரி வேலை செய்யணும்னா அமெரிக்காவுக்குப் போகணும்னு இல்ல. சென்னையில உக்காந்தே அமெரிக்க ரிட்டர்ன் தயார் பண்ற ஆபீஸ் நிறைய இருக்கு, அவங்க கேக்கறது அமெரிக்க வரித் துறை தர்ற என்ரோல்டு ஏஜென்ட் தகுதி, மூணு பேப்பர் பரீட்சை, டிகிரி கட்டாயம் இல்ல. சீசன் ஜனவரி முதல் ஏப்ரல் 15 வரை.

லோன் போட்டுப் போறவங்களுக்கு ஒரு கணக்கு: கல்விக் கடன் வட்டிக்கு 8 வருஷம் வரைக்கும் கழிவு உண்டு, ஆனா பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு மட்டும். புது முறையில அது கிடையாது. லோன் வாங்கித் தர்றவரு இந்தக் கடைசி வரியைச் சொல்ல மாட்டாரு.

ஸ்டைபண்ட்ல பிடிச்ச வரி

பிளேஸ்மென்ட்ல காசு குடுத்தா அது எந்தப் பேர்ல வருதுன்னு பாருங்க. ஸ்டைபண்ட்னு குடுக்கற இடம் உண்டு, சம்பளம்னு குடுக்கற இடம் உண்டு. சில கம்பெனி தொழில்முறைக் கட்டணம்னு கணக்கெழுதி, வருஷத்துக்கு 50,000-த்தைத் தாண்டினா 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுட்டுக் குடுக்கும். மாசம் 8,000, பத்து மாசம், மொத்தம் 80,000-ன்னா கைக்கு 72,000 வரும். புது வரி முறையில 4 லட்சம் வரைக்கும் வரியே இல்லன்றப்ப அந்த 8,000 முழுசும் உங்க காசு, ஆனா ரிட்டர்ன் போட்டாதான் திரும்பி வரும். பேன் நம்பரைத் தப்பா குடுத்திருந்தா உங்க பேர்ல பிடிச்ச வரியைக் காட்டற 26ஏஎஸ் ஸ்டேட்மென்ட்ல அந்த டிடிஎஸ் ஏறியே இருக்காது, அதனால காலாண்டு முடிஞ்சதும் ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துக்கணும், வேலையை விட்டு வந்தப்புறம் அந்த அக்கவுண்ட்ஸ் அண்ணனைப் பிடிக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. எந்தத் தலைப்புல பிடிச்சிருக்காங்களோ அதுக்கேத்த ஃபார்ம்லதான் போடணும், தொழில்முறைக் கட்டணம்னு பிடிச்சதை ஐடிஆர்-1-ல போட்டா ஒத்துக்காது. பேங்க் அக்கவுண்டை போர்ட்டல்ல முன்கூட்டியே வேலிடேட் பண்ணி வெச்சிருக்கணும், இல்லன்னா ரீஃபண்ட் பாதியில நின்னுடும். போட்டு முடிச்சதும் 30 நாளுக்குள்ள ஈ-வெரிஃபை பண்ணணும், அதைத் தாண்டினா போட்ட தேதி செல்லாது, வெரிஃபை பண்ண தேதியைத்தான் கணக்குல எடுப்பாங்க.